லெமன் பேசில்: மாடியிலும் தரையிலும் மூன்று வருடம்

சென்னையில் எங்கள் மாடியில் 12 அங்குலப் பையில் நான்கு செடி, திண்டிவனம் பக்கம் அம்மா வீட்டுக் கிணற்றடியில் தரையில் இரண்டு செடி. இப்படித்தான் மூன்று வருடமாக லெமன் பேசில் வளர்க்கிறேன். பார்க்க நம்ம திருநீற்றுப்பச்சிலை மாதிரி இருக்கும், ஆனால் இலை சின்னது, வெளிர்பச்சை. கசக்கக்கூட வேண்டாம், தண்ணீர் ஊற்றும்போது கை உரசினாலே எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறின மாதிரி வாசனை வரும். எலுமிச்சைத் தோலிலும் எலுமிச்சைப்புல்லிலும் இருக்கிற அதே சிட்ரால் என்கிற வாசனைப் பொருள்தான் இதிலும் இருக்கிறது.

முதல் தடவை விதையை அரை அங்குலம் புதைத்தேன், ஒன்றுகூட வரவில்லை. இது சப்ஜா மாதிரி, ஈரம் பட்டதும் வழவழவென்று ஓர் உறை கட்டிக்கொள்ளும். மண்மேல் தூவி, மறைந்தும் மறையாமலும் கொஞ்சம் தென்னை நார்த்தூளைப் போட்டு, தண்ணீரைத் தெளித்து மட்டும் விட்டால் போதும். ஆறாம் நாள் முளைத்துவிட்டது.

அப்புறம் முழு வேலையும் கத்தரிப்பதுதான். இந்தச் செடிக்குப் பூக்க அவசரம் அதிகம், சாதாரண பேசிலைவிடவே சீக்கிரம் பூக்கும். கதிர் வந்துவிட்டால் இலை சிறுத்து, தண்டு குச்சியாகிவிடும். ஆறேழு இலை வந்தவுடனே நுனியைக் கிள்ளிவிடுங்கள், வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு கிளை வரும், அதையும் கிள்ளினால் நான்கு. நான் வாரம் ஒருமுறை வெட்டுகிறேன். ஊரில் அம்மாவுக்கு அதற்கு நேரமில்லை, அங்கே செடி இடுப்பளவு விரிந்து வெள்ளைப் பூவாய் நிற்கிறது, காலையில் போனால் தேனீச் சத்தம்தான். உதிர்ந்த விதையே மறுபடி முளைப்பதால் அங்கே யாரும் விதைப்பதே இல்லை. தரை இருக்கிறவர்கள் யோசிக்காமல் தரையில் வையுங்கள். பையில் மே மாத வெயிலுக்கு இரண்டு வேளை தண்ணீர் விட்டாலும் மத்தியானம் துவண்டுவிடும், பச்சை வலை கட்டின பிறகுதான் நிமிர்ந்தது.

வெயிலைவிட எனக்கு அதிகம் நஷ்டம் வைத்தது வடகிழக்குப் பருவமழை. முதல் வருடம் நவம்பரில் நான்கு செடியும் வேர் அழுகிப் போயின. மேலே இலை வாடியிருந்தது, மண்ணைத் தொட்டால் சேறு. தென்னை நார்த்தூளைப் பாதிக்கு மேல் போட்டு, பையையும் தளத்தோடு ஒட்டி வைத்தது என் தப்பு. இப்போது பாதி செம்மண், மீதியில் மண்புழு உரமும் கொஞ்சம் மணலும், பைக்கு அடியில் இரண்டு செங்கல். அப்படியும் அக்டோபர் தொடக்கத்தில் நாலைந்து நுனியை வெட்டி டம்ளர் தண்ணீரில் போட்டுவிடுவேன். பத்து நாளில் வேர் விடும், மழை முடிந்ததும் அதுதான் அடுத்த செடி. பழையதைக் காப்பாற்றப் போராடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

மாவுப்பூச்சி கணுவில் வெள்ளையாய் ஒட்டும். பச்சையாகச் சாப்பிடுகிற இலை என்பதால் எதையும் அடிக்க மனசு வரவில்லை, அந்தக் கிளையை வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிடுகிறேன்.

சமையலில் ஒரே ஒரு விஷயம், கொதிக்க விடாதீர்கள், வாசனை பறந்துவிடும். ரசத்தை இறக்கியபின் நாலு இலை கிள்ளிப் போட்டு மூடி வையுங்கள். இந்தோனேசியாவில் கெமாங்கி என்று சொல்லி இதை சம்பல் என்கிற மிளகாய்ச் சட்னியோடு பச்சையாகவே சாப்பிடுகிறார்கள், மீனோடு வாழையிலையில் கட்டியும் வேகவைக்கிறார்கள். அதைப் பார்த்து வஞ்சிர மீனில் செய்தேன், இப்போது மாதம் ஒருமுறை வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். மிஞ்சின இலையை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளே கறுத்துவிடும், தண்டோடு வெட்டித் தண்ணீரில் நிறுத்தி வெளியே வையுங்கள்.

விதை வாங்கும்போது கவனம். ஒரு தடவை லெமன் பேசில் என்று எழுதின பாக்கெட்டில் எனக்கு வந்தது சாதாரண பேசில், அது தெரிவதற்குள் ஒன்றரை மாதம் போய்விட்டது. நாற்றில் நான்கு இலை வந்ததுமே ஒன்றைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், அந்த வயதிலேயே வாசனை தெரியும்.