திருப்பணியின் பெயரில் எங்கள் ஊர்க் கல்வெட்டுகள் அழிந்த விதம்: ஓர் எச்சரிக்கை

காவிரிப் படுகையில் உள்ள எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில், கருவறையின் புறச்சுவரிலும், சுவரைத் தாங்கும் அடித்தளமான அதிட்டானத்தின் ஜகதி, குமுதம் என்னும் வரிசைகளிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் இருந்தன. இன்று அவற்றில் பெரும்பகுதியைப் படிக்க இயலாது. குடமுழுக்குக்கு முன் கற்பணியை ஏற்றுக்கொண்ட ஓர் ஒப்பந்தக்காரர் ஒப்பந்தத்துக்கு நேர்மாறாகச் செய்த வேலையால் இது நேர்ந்தது. புகார் விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்க்கிறேன். ஆனால் அவர் எங்களிடம் சொன்னவையும் செய்தவையும் வேறு பல ஊர்களிலும் நடப்பவை என்பதால், திருப்பணிக் குழுவில் இருப்பவர்களும் உபயதாரர்களும் இதை முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

வேலை தொடங்குமுன் எழுதப்பட்ட ஒப்பந்தம் தெளிவாகவே இருந்தது. கற்சுவரை நீராலும் மென்மையான தூரிகையாலும் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய இடங்களில், தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் பயன்படுத்துவது போல, நீர்த்த அம்மோனியாவும் அயனித் தன்மையற்ற சலவைக் கரைசலும் மட்டுமே பயன்படுத்தலாம். கல் இடுக்குகளில் சுண்ணாம்புக் காரைதான் பூச வேண்டும். மேல்தளத்தில் சுருக்கிக் காரை (செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புக் காரை) இட்டுத் தட்டோடு பதிக்க வேண்டும். மணல் வீச்சு, அதாவது அழுத்தக் காற்றால் மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது, எந்த இடத்திலும் கூடாது. இவை அனைத்துக்கும் அவர் கையெழுத்திட்டார். வேறு கோயில்களில் தாம் செய்த வேலை என்று படங்களையும் காட்டினார். அந்தக் கோயில்களில் ஒன்றில் அவர் வேலையே செய்யவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது.

கருவறையைச் சுற்றிச் சாரம் கட்டியவுடன் தார்ப்பாயால் முழுவதும் மறைத்தார்கள். தூசி பக்தர்கள் மேல் படக் கூடாது என்று காரணம் சொல்லப்பட்டது. பின்பு கம்ப்ரசர் ஒன்று வந்து இறங்கியது. அது நீரை அழுத்தத்துடன் பீய்ச்சும் கருவி என்றார்கள். நடை சாத்திய பிறகே அது ஓடியது. காலையில் பிராகாரத்தைப் பெருக்க வந்த அம்மா, ஈரமே இல்லாத தரையில் சாம்பல் நிறத் துகள் படிந்திருப்பதை மெய்க்காவலரிடம் சொன்ன பிறகு தார்ப்பாயை விலக்கிப் பார்த்தோம். மூன்று பக்கச் சுவர்களும் ஒரே சீராக வெளிறியிருந்தன.

மணல் வீச்சு கல்லுக்கு என்ன செய்கிறது என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்வைக்கு அது அழகாக இருப்பதுதான் அதன் ஆபத்து. அழுத்தக் காற்றில் பாய்ந்து வரும் மணல் அழுக்கை மட்டும் பிரித்தெடுப்பதில்லை. நூற்றாண்டுகளாகக் காற்றும் வெயிலும் பட்டு இறுகிய கல்லின் மேற்பரப்பையும் சேர்த்தே செதுக்கி எடுக்கிறது. கருங்கல்லின் படிகங்கள் உடைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் உண்டாகின்றன. சொரசொரப்பான அந்தப் பரப்பில் நீர் தங்குவதால் பாசியும் கருமையும் முன்பைவிட விரைவில் ஏறும். அப்போது மறுபடியும் வீசச் சொல்லி யாராவது வருவார்கள். சிற்பத்தின் மூக்கு, விரல், அணிகலன் ஆகியவற்றின் விளிம்புகள்தான் முதலில் மழுங்கும். கல்வெட்டு எழுத்தின் ஆழமோ சில மில்லிமீட்டர்தான். எங்கள் கோயிலில் நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிப்பதற்குச் 'சாவா மூவாப் பேராடு' 96, அதாவது எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடுகள், வழங்கிய செய்தியைக் கூறும் வரிகளில், கொடுத்தவரின் பெயர் இருந்த பகுதி வெறும் நிழலாக நிற்கிறது. இதனால்தான் தமிழ்நாட்டுக் கோயில்களில் மணல் வீச்சு தடை செய்யப்பட்டிருக்கிறது. தடையை அறிந்தே அவர் அதை இரவில் செய்தார்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழ அரசியார் செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக (கற்கோயிலாக) எடுப்பித்தபோது, பழைய கட்டடத்தில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். 'இதுவும் ஒரு பழங்கற்படி' (பழைய கல்லில் இருந்ததன் நகல்) என்ற குறிப்புடன் அவை இன்றும் அங்கே இருக்கின்றன. திருப்பணி என்றால் பழைய எழுத்தைக் காப்பதும் அதில் அடங்கும் என்பதை அந்த அரசியார் அறிந்திருந்தார். எங்கள் ஒப்பந்தத்திலும் வேலைக்கு முன் எல்லாக் கல்வெட்டுகளையும் மைப்படி (கல்லில் தாளை ஒற்றி மை தடவி எடுக்கும் நகல்) எடுக்க வேண்டும் என்றே இருந்தது. அதற்கான தொகையைப் பெற்றுக்கொண்டவர் ஒரு படியைக்கூட எடுக்கவில்லை.

அடுத்தது காரை. சுண்ணாம்பு, மணல், கடுக்காய் நீர், வெல்லம் என்று பட்டியலில் விலை போட்டிருந்தார். வாசலில் சுண்ணாம்பு மூட்டைகளும் அடுக்கப்பட்டிருந்தன. ஆனால் இடுக்குகளில் பூசப்பட்டது வெள்ளைச் சிமெண்ட். இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர் மூத்த கொத்தனார் ஒருவர். சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு வாரக்கணக்கில் மெல்ல இறுகுவது. அதுவரை அதை ஈரமாக வைத்திருக்க வேண்டும். முதல்நாள் பூசியது மறுநாளே ஆணிக்கு அசையாமல் இருந்ததைப் பார்த்து, இது சுண்ணாம்பே அன்று என்று அவர் சொல்லிவிட்டார். உடைத்துப் பார்த்தபோது மேலே சுண்ணாம்பு நீர் மட்டும் தீற்றப்பட்டிருந்தது.

சிமெண்ட் உறுதியானதுதானே, அதனால் என்ன கெடுதல் என்று எங்கள் ஊரிலேயே சிலர் கேட்டார்கள். பழைய கோயிற்சுவர் பெரும்பாலும் ஒரே கல் அன்று. உட்புறமும் வெளிப்புறமும் முகக்கற்கள், நடுவே கல்லும் மண்ணும் காரையும் நிரப்பிய பகுதி என்ற அமைப்பு அது. மழைநீர் எப்படியாவது உள்ளே இறங்கும். இறங்கிய நீர் இடுக்கு வழியாக ஆவியாகி வெளியேற வேண்டும். சுண்ணாம்புக் காரை அதற்கு இடம் கொடுக்கும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதோடு, தன்னிடமுள்ள உப்புகளையும் நீரில் கலந்துவிடுகிறது. அந்த உப்பு கல்லின் முகத்தில் வெண்மையாகப் பூத்து, மேற்பரப்பைப் பொடியாக உதிர்க்கும். மேலும் சுவர் சிறிது அசைந்தால் சுண்ணாம்புக் காரைதான் முதலில் விரிசல் விடும், அதை மறுபடியும் பூசிக்கொள்ளலாம்; சிமெண்ட் இருந்தால் கல்லின் விளிம்பு உடையும்.

மகாமண்டபத்தின் வடபுறச் சுவரைப் பிரித்துக் கட்டியதிலும் இதே அலட்சியம். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கல்லுக்கும் எண் இட்டு, படம் எடுத்து, வரைபடத்தில் குறிப்பது அடிப்படை விதி. அவர் எதுவும் செய்யாததால் இரண்டு கல்வெட்டுக் கற்கள் தலைகீழாகவும், ஒன்று எழுத்து உட்புறம் போகும்படியும் வைக்கப்பட்டுவிட்டன. கற்களைப் பிணைக்கச் சாதாரண இரும்புப் பட்டைகளைச் செருகியிருக்கிறார். இரும்பு துருப்பிடிக்கும்போது பருமன் பல மடங்கு பெருகிக் கல்லைப் பிளக்கும். ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் கோயிலில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயப் பூச்சில்லாமல் வைத்த இரும்புப் பட்டைகள் பளிங்கைப் பிளந்ததால், பின்னர் அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க நேர்ந்தது.

கேட்டபோது, பழைய கல்லைப் புதிதாக்கித் தந்திருக்கிறேன், பாராட்ட வேண்டாமா என்றார். பிறகு ஆட்கள் தவறு செய்துவிட்டார்கள் என்றார். அதன் பின் தொலைபேசியை எடுப்பதில்லை. கடைசித் தவணை நிறுத்தப்பட்டுள்ளது. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறலாம், எழுத்துகளைப் பெற முடியாது.

சட்டப் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் இந்தியத் தொல்லியல் துறையும், 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் மாநிலத் தொல்லியல் துறையும் காக்கும் சின்னங்கள் தனி. எங்கள் கோயில் போன்ற பெரும்பாலானவை 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் கீழ் மட்டும் வருபவை. அதனால் அவற்றில் எப்படியும் வேலை செய்யலாம் என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வது பொய். இவற்றின் திருப்பணிக்கும் வல்லுநர் குழுவின் ஒப்புதல் தேவை. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 75 கட்டளைகளுடன் அளித்த தீர்ப்பு பழமையான கோயில்களைக் காப்பது பற்றியதே. ஒப்புதலின் நகலைக் கேட்டு வாங்கி, அதில் எழுதியிருக்கும் முறையும் சாரத்தின் மேல் நடக்கும் வேலையும் ஒன்றுதானா என்று ஊரார் பார்க்கலாம், பார்க்க வேண்டும். மைப்படியும் படங்களும் வேறொருவர் கையில் வந்து சேரும் வரை சாரம் கட்ட விடாதீர்கள். கண்ணில் படாத மூலையில் ஓரடிப் பரப்பில் மாதிரி செய்துகாட்டச் சொல்லி, அதைத் தொல்லியல் அறிந்த ஒருவர் பார்த்த பிறகே மற்ற இடத்தில் கைவைக்க அனுமதியுங்கள்.

எங்கள் கோயிலில் இப்போது வெள்ளைச் சிமெண்டை அகற்றும் வேலை தொடங்கவிருக்கிறது. அதைச் சிற்றுளியால் கையாலேயே எடுக்க வேண்டும், கட்டர் இயந்திரம் வைத்தால் கல்லின் விளிம்பு போய்விடும், கல்லோடு இறுகப் பிடித்த இடங்களில் அப்படியே விட்டுவிடுவதே மேல் என்று வல்லுநர் கூறியிருக்கிறார். இதற்கிடையே அதே ஒப்பந்தக்காரர் வேறு ஊர்களில் விலைப்புள்ளி கொடுத்து வருவதாகத் தெரிகிறது. நீர் பீய்ச்சும் கருவி என்று சொல்லிக் கம்ப்ரசர் வந்து இறங்கினால், அன்றைக்கே வேலையை நிறுத்தி, துறைக்கு எழுத்துமூலம் தெரிவித்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.