சவானாவில் கிடைத்த 'இலவச' டிராலி டிக்கெட்

அட்லாண்டா பக்கம் இருப்பவர்கள், முக்கியமாக ஜோடியாக சவானாவுக்குக் காரில் கிளம்புகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். ரிவர் ஸ்ட்ரீட்டில் யாராவது டிராலி (ஊரைச் சுற்றிக்காட்டும் வண்டி) டிக்கெட் இலவசம் என்று கூப்பிட்டால் நிற்காதீர்கள். நாங்கள் நின்றோம். 80 டாலர் டிக்கெட்டுக்கு ஆசைப்பட்டு 18,900 டாலர் டைம்ஷேருக்கு, அதாவது வருடத்தில் சில நாள் விடுமுறை விடுதியில் தங்கும் உரிமைக்கு, கையெழுத்துப் போட்டோம். முதலில் போட்ட புண்ணியவான் நான்தான்.

பத்தாவது கல்யாண நாள். பையனை நண்பர் வீட்டில் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினோம். 75-ம் நெடுஞ்சாலையில் மேக்கன், அங்கிருந்து 16-ம் நெடுஞ்சாலை. மேக்கன் தாண்டினால் 160 மைலுக்கு மேல் இரண்டு பக்கமும் பைன் மரம்தான். ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வராமல் பேசிக்கொண்டே வர ஒரு ஆள் வேண்டும், அதை என் மனைவி நன்றாகவே செய்வாள்.

ஊர் அழகு, அதில் குறையே இல்லை. 1733-ல் ஊரை நிறுவிய ஓகில்தார்ப் போட்ட வரைபடத்தை வைத்துப் பின்னால் வந்தவர்களும் சதுக்கம் சதுக்கமாகக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். மொத்தம் 24-ல் இன்று 22 மிச்சம். எங்கே பார்த்தாலும் ஓக் மரம், அதில் சாமியார் சடை மாதிரி தொங்கும் ஸ்பானிஷ் மாஸ். ஆற்றங்கரைக்குச் செங்குத்தான கல்படிகளில் இறங்க வேண்டும். பழைய பஞ்சுக் கிடங்குகள்தான் இப்போது மிட்டாய்க் கடைகளும் ஹோட்டல்களும். தரை முழுக்க, அந்தக் காலத்துக் கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றிவந்து இறக்கிய கற்கள். ஹீல்ஸ் போட்டுப் போகாதீர்கள்.

அந்த ஆற்றங்கரையில் ஒரு பெண்ணின் சிலை உண்டு. ஃபுளோரன்ஸ் மார்ட்டஸ் என்ற அம்மாள் 44 வருடம், வந்துபோன கப்பல்களுக்கெல்லாம் துணியை வீசிக் கை அசைத்தாராம். சனிக்கிழமை காலை அந்தச் சிலையைப் பார்க்கப் போகிற வழியில்தான் எங்களைப் பார்த்தும் ஒருவர் கை அசைத்தார். மேஜை, குடை, 'விசிட்டர் இன்ஃபர்மேஷன்' என்று பெரிய எழுத்தில் பலகை. நகராட்சி வைத்தது என்றே நினைத்தோம்.

மேப் கேட்டோம், கொடுத்தார். அப்புறம், "டிராலி டூர் இரண்டு பேருக்கும் இலவசம், 90 நிமிஷம் ஒரு பிரசன்டேஷனில் உட்கார்ந்தால் போதும், எதுவும் வாங்க வேண்டாம்" என்றார். கல்யாணமானவர்களா, ஒரே வீட்டிலா, வருட வருமானம் இவ்வளவுக்கு மேலா, கிரெடிட் கார்டு உண்டா என்று வரிசையாகக் கேட்டார். இலவசம் கொடுக்கிறவர் எதற்குச் சம்பளத்தைக் கேட்கிறார் என்று அங்கேயே யோசித்திருக்க வேண்டும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

"போனவெஞ்சர் கல்லறைத் தோட்டம் போகணும்னு சொன்னீங்களே, அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க" என்றாள் மனைவி. "90 நிமிஷம்தானே" என்றேன்.

11 மணிக்கு உள்ளே போனோம். வட்ட மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி, ஒரு விற்பனையாளர். காபி நன்றாக இருந்தது. எங்களுக்கு வந்தவர் முக்கால் மணி நேரம் விற்பனை பற்றிப் பேசவே இல்லை. ஊர் எது, எத்தனை குழந்தைகள், கடைசியாக எங்கே போனீர்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்து, எதிரே உட்கார்ந்தபடியே எங்களுக்கு நேராகத் தெரிகிற மாதிரி தலைகீழாக எழுத ஆரம்பித்தார். எண்கள் தடுமாறவே இல்லை, எத்தனை ஆயிரம் தடவை எழுதிய கையோ! வருடத்துக்கு ஹோட்டல் செலவு 3,000, இருபது வருடத்துக்கு 60,000. "இந்தப் பணம் எங்கே போகிறது?" என்று கேட்டு, தாளின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

முதல் விலை 38,900. என் மனைவி வேண்டாம் என்றாள். அவர் வருத்தமே படாமல் எழுந்துபோய் ஒரு மேனேஜரைக் கூட்டிவந்தார். 24,500 ஆனது. மறுபடி வேண்டாம். இன்னொருவர் வந்தார், 18,900. நடுவில் பக்கத்து மேஜையில் யாரோ வாங்கிவிட்டார்கள் என்று மணி அடித்துக் கை தட்டினார்கள். யோசித்து நாளைக்குச் சொல்கிறோம் என்றால், இந்த விலை கதவைத் தாண்டினால் கிடையாதாம்.

நான் விழுந்தது ஒரே கேள்வியில். "உங்கள் அப்பா அம்மா இந்தியாவிலிருந்து வந்தால் எங்கே கூட்டிப்போவீர்கள்?" போன முறை அவர்கள் வந்தபோது ஆறு மாதத்தில் ஒரே ஒரு தடவைதான் வெளியூர் கூட்டிப்போனேன். அது அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் எங்களை மாதிரி மேஜைக்கு வருகிற எல்லோரிடமும் அவர் அதைத்தான் கேட்பார் என்பது இப்போது புரிகிறது. மேஜைக்கு அடியில் மனைவி காலை மிதித்தாள். "கொஞ்சம் இரும்மா" என்றேன். மேனேஜர் அவளைப் பார்த்துச் சிரித்து, "சார் முடிவெடுக்கட்டுமே" என்றார். சார் முடிவெடுத்தார். என் முகத்துக்காக அவளும் போட்டாள்.

வெளியே வரும்போது மணி 3.40. டிராலி வவுச்சரை மாற்றப்போனால் அன்றைய கடைசி வண்டி கிளம்பிவிட்டது.

அன்று ராத்திரி ஹோட்டல் அறையில் என் மனைவி லேப்டாப்பைத் திறந்து கணக்குப் போட்டாள். முன்பணம் 1,890 கார்டில் போய்விட்டது. மீதி 17,010, 16.99 சதவிகித வட்டியில் பத்து வருடக் கடன். மாதம் கிட்டத்தட்ட 295 டாலர், மொத்தம் 35,000-க்கு மேல். இது போக வருடா வருடம் 1,100 பராமரிப்புக் கட்டணம், அதையும் அவர்கள் ஏற்றிக்கொண்டே போகலாம், நாம் போய்த் தங்கினாலும் தங்காவிட்டாலும் கட்ட வேண்டும். விற்றுவிடலாமே என்று ஈபேயில் தேடினால், வேறு ஆட்கள் தங்கள் டைம்ஷேரை ஒரு டாலருக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள்தான் அந்தத் தடித்த ஃபோல்டரின் பின்பக்கப் பையில், விளம்பரப் புத்தகங்களுக்குப் பின்னால், அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள். ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் ரத்து செய்யலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இது ஜார்ஜியா சட்டம் கொடுக்கிற உரிமை, அவர்கள் தயவு இல்லை. நம் ஆட்கள் போகிற மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன்: ஹில்டன் ஹெட், மிர்ட்டில் பீச் இருக்கிற தெற்கு கரோலினாவில் ஐந்து நாள், ஆர்லாண்டோ இருக்கிற ஃபுளோரிடாவில் பத்து நாள். நாளை எப்படி எண்ணுவது, எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கும், எழுத்து விடாமல் படியுங்கள்.

ஃபோன் செய்யாதீர்கள். "பிடிக்கவில்லையென்றால் ஒரு கால் பண்ணுங்கள்" என்று விற்பனையாளர் சொன்னார். கால் பண்ணினால் சமாதானம் பேசியே நாளைக் கடத்துவார்கள். நாங்கள் நாலே வரி எழுதினோம்: ஒப்பந்த எண், தேதி, இருவர் பெயர், ரத்து செய்கிறோம், கட்டியதைத் திருப்பி அனுப்புங்கள். இருவரும் கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்து, திங்கட்கிழமை காலை போஸ்ட் ஆபீஸ் திறந்தவுடன் சர்ட்டிஃபைடு மெயிலில் (நம்மூர்ப் பதிவுத் தபால் மாதிரி), ரிட்டர்ன் ரசீதுடன் அனுப்பினோம். மூன்று வாரத்துக்குப் பிறகு 1,890 டாலர் கார்டுக்குத் திரும்பி வந்தது.

ஏழு நாள் தாண்டிவிட்டவர்களுக்கு என்னிடம் சுலபமான வழி இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன், 'டைம்ஷேரிலிருந்து விடுவிக்கிறோம்' என்று முன்பணம் கேட்டு வருகிற அழைப்புகளை நம்பாதீர்கள். எங்களுக்கே இதுவரை நாலு வந்துவிட்டது. நம்பர் எங்கிருந்து கிடைத்ததோ!

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதற்கு முன் ஆற்றைக் கடக்கும் படகில் ஏறினோம். அது நிஜமாகவே இலவசம், ஊருக்குள் ஓடும் டாட் பஸ்ஸும் அப்படித்தான். ஏறும்போது படகுக்காரரிடம், "இதுக்கு எங்கேயாவது உட்காரணுமா?" என்று என் மனைவி ஆங்கிலத்தில் கேட்டாள். அவருக்குப் புரியவில்லை, காலியாக இருந்த பெஞ்சைக் காட்டினார்.