புதியவர்களுக்கு ஏற்ற டிரைவர் என்று சொல்லி 220 டாலர் பறித்துவிட்டார்கள்

டிஸ்க் கோல்ஃப் விளையாடத் தொடங்கியிருப்பவர்கள், இணையத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் டிரைவர், அதாவது நெடுந்தூரம் எறிவதற்கான வட்டத் தட்டு, வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 220 டாலர் கொடுத்து நான் வாங்கிய பத்து டிரைவர்களில் ஒன்றுகூட, விற்றவர் எழுத்தில் உறுதி கொடுத்த பொருள் அல்ல. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிட்டு, டிரைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி எறிவது என்பது பற்றியும் முடிவில் எழுதுகிறேன்.

நான் இருப்பது வட கரோலினாவின் சார்லட் நகரம். பக்கத்தில் உள்ள ராக் ஹில்லில் 1999ஆம் ஆண்டு தொடங்கிய அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் போட்டியை நேரில் பார்த்த பிறகு இந்த விளையாட்டின் மீது ஆசை பிடித்துக்கொண்டது. பந்துக்குப் பதிலாக டிஸ்க்கை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். கூடைக்கு அருகில் புட்டர், இடைத் தூரத்துக்கு மிட்ரேஞ்ச், நெடுந்தூரத்துக்கு டிரைவர். புதியவர்களின் பணம் பறிபோவதும், தோள்பட்டை வலிப்பதும் பெரும்பாலும் இந்த டிரைவரால்தான்.

பெரும்பாலான டிஸ்க்குகளின் மேற்புறத்தில் ஸ்பீட், கிளைட் (காற்றில் மிதக்கும் திறன்), டர்ன், ஃபேட் என நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஸ்பீட் என்பது டிஸ்க் தானாக எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைச் சொல்வதில்லை. அது தன் இயல்புப்படி பறக்க வேண்டுமானால் நாம் எவ்வளவு வேகமாக எறிய வேண்டும் என்பதைச் சொல்கிறது. வலது கையால் பேக்ஹேண்டாக, அதாவது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக வீசி, எறிபவருக்கு, டர்ன் எண் மைனஸில் இருந்தால் டிஸ்க் முதலில் வலப்பக்கம் திரும்பும். ஃபேட் எண் கூடக் கூட, வேகம் தணிந்ததும் இடப்பக்கமாகச் சரிந்து விழும். இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் 12, 5, -1, 3. அதே நிறுவனத்தின் லெப்பர்ட் 6, 5, -2, 1. முன்னது வலுவான கைகளுக்கானது, பின்னது தொடங்குபவருக்கும் இணங்கி நடப்பது. இதெல்லாம் எனக்கு ஓரளவு தெரிந்தே இருந்தது.

விற்றவருக்கோ இது மிக நன்றாகத் தெரிந்திருந்தது. என் வயிற்றெரிச்சலே அதுதான். பழைய பொருள்களைத் தனிநபர்கள் விற்கும் ஒரு பெரிய தளத்தில் ‘புதியவர்களுக்கான டிரைவர் தொகுப்பு’ என்று விளம்பரம் போட்டிருந்தார். நான் விசாரித்ததும் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. வலக்கையா இடக்கையா, இப்போது எவ்வளவு தூரம் போகிறது, எந்தப் பக்கம் விழுகிறது என்றெல்லாம் கேட்டுவிட்டு, எறிவதைக் காணொளியாக எடுத்து அனுப்பச் சொன்னார். ஹார்னெட்ஸ் நெஸ்ட் பூங்காவில் எடுத்து அனுப்பினேன். உங்கள் கைவேகம் குறைவு, விடும் நொடியில் டிஸ்க்கின் முன்விளிம்பு மேலே தூக்கிக்கொள்கிறது, ஸ்பீட் 9க்கு மேல் தொடவே கூடாது, எடை 150 முதல் 160 கிராமுக்குள் இருக்க வேண்டும், டர்ன் -3 இருந்தால் நேராகப் போகும் என்று பொறுமையாக எழுதினார். அத்தனையும் சரியான ஆலோசனை. என் எறிதலை இவ்வளவு கூர்ந்து பார்த்துச் சொன்னவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

பத்தும் உயர்தர பிளாஸ்டிக், புதியவை, ஒவ்வொன்றும் தன் கையாலேயே சாயம் ஏற்றியவை என்றார். கடையிலேயே அத்தகைய டிஸ்க் இருபது டாலரை ஒட்டி விற்பதால், சாயவேலையோடு 22 டாலர் என்பது நியாயமாகவே பட்டது. சாயம் ஏற்றுவதற்காக மேற்புற அச்சை அசிட்டோனால் துடைப்பது இங்கே பலரும் செய்யும் கைவேலை என்பதால், அச்சு இல்லாததும் எண்களை அவரே மார்க்கரால் எழுதியிருந்ததும் உறுத்தவில்லை. தளத்தின் வழியாகச் செலுத்தினால் கட்டணம் பிடிப்பார்கள், நண்பருக்கு அனுப்புவது போல அனுப்புங்கள், அந்த மிச்சத்துக்கு ஒரு புட்டரை இலவசமாகச் சேர்க்கிறேன் என்றார். 220 டாலர் அந்த வழியில் போயிற்று. அந்தப் புட்டரை இன்றுவரை நான் கண்ணால் பார்க்கவில்லை.

எறிந்து பார்த்தபோது ஒவ்வொரு டிஸ்க்கும் கையை விட்டுப் போன சிறிது நேரத்திலேயே இடப்பக்கம் சாய்ந்து, ஐம்பது மீட்டரைக்கூடத் தொடாமல் மண்ணில் குத்தியது. அவருக்கு எழுதினேன். முன்விளிம்பைத் தாழ்த்தி எறியுங்கள், டிஸ்க் அடிபட்டுப் பழகினால் வலப்பக்கம் திரும்பத் தொடங்கும், சில மாதங்கள் பொறுங்கள் என்று பதில் வந்தது. மலிவான பிளாஸ்டிக்குக்கு அது பொருந்தும். உயர்தர பிளாஸ்டிக் அவ்வளவு சீக்கிரம் மாறாது என்பது அவருக்குத் தெரியாததா? மைதானத்தில் பல ஆண்டுகளாக விளையாடும் ஒரு பெரியவர் வாங்கி முழு வேகத்தில் எறிந்தார். அவர் கையிலிருந்தும் அது இடப்பக்கமே பாய்ந்தது. அகலமான விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, இது ஸ்பீட் 12 இருக்கும், எதிர்காற்றில் எறிவதற்கான ஓவர்ஸ்டேபிள் டிரைவர், எப்படி எறிந்தாலும் இடப்பக்கமே இழுக்கும், உங்களிடம் யார் தள்ளிவிட்டது என்று கேட்டார்.

வீட்டில் சமையலறைத் தராசில் வைத்தேன். 154 கிராம் என்று எழுதியிருந்த டிஸ்க் 174 காட்டியது. தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தின் விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம்தான் உச்ச எடை. 21 சென்டிமீட்டருக்குச் சற்றே மேல் வரும் டிரைவருக்கு அது ஏறக்குறைய 175 கிராம். ஆக, எடை குறைந்தது என்று சொல்லி எனக்கு வந்தது அந்த வகையிலேயே கனமானது. படம் எடுத்து அனுப்பியதற்கு, உங்கள் தராசு பழுது என்றார். இங்கே ஐந்து சென்ட் நாணயம் ஒன்றின் எடை சரியாக 5 கிராம். இருபது நாணயங்களை வைத்து 100 கிராம் காட்டுவதையும் படமெடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு பதில் நின்றுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. ஒரு டிஸ்க்கின் அடிப்புறத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது, அழிக்கப்பட்ட ஒரு தொலைபேசி எண் மங்கலாகத் தெரிந்தது. தொலைந்தால் எடுத்தவர் திருப்பித் தரட்டும் என்று இங்கே எல்லாரும் பெயரையும் எண்ணையும் எழுதி வைப்பார்கள். அழைத்தேன், ஓடையில் தொலைத்ததாகச் சொன்னவரிடம் அதைக் கொடுத்துவிட்டேன். பிறர் தொலைத்ததைப் பொறுக்கி, பெயரை அழித்து, சாயம் பூசி, விவரம் அறிந்தவர் வாங்க மாட்டார் என்பதால் புதியவர்களின் தலையில் கட்டுகிறார்கள்.

பணம் வெளியே செலுத்தப்பட்டது, எங்கள் பாதுகாப்பு பொருந்தாது என்றது தளம். பணம் அனுப்பும் செயலியினர், நண்பருக்கு அனுப்பியதாக நீங்களே குறித்திருக்கிறீர்கள் என்றார்கள். வங்கியில் அரை மணி நேரம் இசை கேட்க வைத்துவிட்டு, உங்கள் ஒப்புதலுடன் போன பணம் என்று முடித்துக்கொண்டார்கள். 220 டாலருக்கு இவ்வளவு அலட்டலா என்ற தொனி மூவரிடமும் இருந்தது. 220 டாலர், ஐயா! நல்ல கடையில் புட்டர், மிட்ரேஞ்ச், லெப்பர்ட் போன்ற ஒரு டிரைவர் எல்லாம் வாங்கி, பையும் வாங்கியிருக்கலாம்.

ஆலோசனை எழுதுவதாகச் சொன்னேன். எழுதும் பொறுமை இப்போது இல்லை, இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அச்சு துடைத்த டிஸ்க்கைத் தொடக்கத்தில் வாங்காதீர்கள். தராசில் வைத்த படத்தையும் அடிப்புறப் படத்தையும் கேளுங்கள். நண்பருக்கு அனுப்புவது போலப் பணம் அனுப்பாதீர்கள். ஸ்பீட் 6 அல்லது 7க்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்; எறிந்தது இடப்பக்கம் விழுந்தால், வலப்பக்கம் சாய்த்து முரட்டுத்தனமாக வீசித் தோளைக் கெடுத்துக்கொள்ளாமல், முதலில் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள்.

இன்று காலை அதே நபரின் புதிய விளம்பரம் வந்திருக்கிறது, விலை 240 டாலர். அதன் முதல் படத்தில் இருக்கும் நீலச் சுழல் சாயம் போட்ட டிஸ்க் இப்போது என் மேசை மீதுதான் இருக்கிறது. சார்லட், ராக் ஹில் பக்கம் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் பணம் அனுப்பிவிடாதீர்கள்.