டிராவல் பேஸ்பால் கிளப்புக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக், கம்மிங் பக்கம் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்காக முக்கியமாக இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகளில் பேஸ்பால் நன்றாக ஆடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். கோடை முடியும் சமயத்தில் அடுத்த வருடத்துக்கான ட்ரையவுட் (அணித் தேர்வு) தொடங்கிவிடும், அங்கே வைத்தே செக் புத்தகத்தை எடுக்கச் சொல்வார்கள். "எலீட்", "நேஷனல்" என்று பெயர் போட்டுக்கொண்ட ஒரு கிளப் எங்களிடம் ஏறக்குறைய ஏழாயிரம் டாலர் வாங்கிக்கொண்டு, சொன்ன எதையும் செய்யாமல், பிட்சரான (பந்து வீசுகிற) எங்கள் பையனின் முழங்கையையும் கெடுத்து அனுப்பியது. விஷயம் கோர்ட்டுக்குப் போயிருப்பதால் கிளப்பின் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் ஏமாற்றும் முறை உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

பேஸ்பால் வீட்டில் இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இங்கே பள்ளி அணிகள் பிப்ரவரி முதல் மே வரைதான் ஆடும். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பிள்ளைகள் தனியார் கிளப்புகளில் சேர்ந்து ஊர் ஊராகப் போய் ஆடுவதுதான் டிராவல் பால். பள்ளி சீசன் நடக்கும்போது காலேஜ் கோச்சுகளுக்கும் அவர்களுடைய சீசன் இருக்கும், அதனால் அவர்கள் பிள்ளைகளைப் பார்ப்பது பெரும்பாலும் கோடை டோர்னமென்டுகளில்தான். ஐ-75 நெடுஞ்சாலையை ஒட்டி எமர்சனில் இருக்கும் லேக்பாயின்ட் விளையாட்டு வளாகத்தில் பெர்ஃபெக்ட் கேம் நிறுவனம் நடத்தும் பெரிய போட்டிகளுக்கு நாடு முழுவதிலிருந்தும் அணிகள் வருகின்றன. ஆகவே திறமையுள்ள பிள்ளைக்கு ஒரு நல்ல கிளப் வேண்டும் என்று பெற்றோர் நினைப்பதில் தப்பே இல்லை. அந்தத் தேவையை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

ட்ரையவுட்டில் எங்களுக்குச் சொன்னது இது: அணியில் 14 பேர்தான், தலைமைக் கோச் முன்னாள் புரொஃபஷனல் ஆட்டக்காரர் (நோட்டீஸில் அவர் படம் பெரிதாக இருந்தது), பையன் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் டிவிஷன் 1 (காலேஜ் விளையாட்டின் மேல்மட்டம்) கோச்சுகள் நேரடியாக உங்களிடம் பேசுவார்கள், முழு ஸ்காலர்ஷிப்புக்கு வாய்ப்பு உண்டு. இரண்டு நாளுக்குள் டெபாசிட் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்றார்கள்.

இதில் காலேஜ் கோச் பேசுவார் என்பது முழுப் பொய். காலேஜ் விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, பதினோராம் வகுப்பு தொடங்கும் ஆகஸ்ட் 1 வரும் வரை டிவிஷன் 1 பேஸ்பால் கோச் ஒரு மாணவனோடோ அவன் பெற்றோரோடோ சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது. போன், மெசேஜ் எதுவும் கிடையாது. வருடம் முழுக்க இதே தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்த விதி தெரியாமல் இருக்காது. முழு ஸ்காலர்ஷிப் கதையும் அப்படித்தான். பல வருடங்களாக ஒரு டிவிஷன் 1 அணி முழுவதற்கும் சேர்த்தே 11.7 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான பணம்தான் உச்சவரம்பு, அதைத்தான் இருபது முப்பது பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025இல் வந்த கோர்ட் உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த காலேஜ்களுக்கு அந்த வரம்பு போய்விட்டது. ஆனால் அணியில் 34 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று புதுக் கட்டுப்பாடு வந்திருக்கிறது, எல்லாக் காலேஜிடமும் கொடுக்கப் பணமும் இல்லை. டிவிஷன் 3இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. பதினைந்து வயதுப் பையனின் அப்பா அம்மாவிடம் முழு ஸ்காலர்ஷிப் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, சேர்ந்த பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன். கோடை வந்தபோது அணியில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். படத்தில் இருந்த கோச் குளிர்காலப் பயிற்சிக்கு ஒரு முறை தலைகாட்டியதோடு சரி, அணியை நடத்தியது காலேஜ் முடித்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பையன். லேக்பாயின்டில் பெரிய போட்டி வந்ததும் நாங்கள் ஒருநாளும் பார்த்திராத பிள்ளைகள் வேறு மாநிலங்களிலிருந்து வந்து இறங்கினார்கள். கெஸ்ட் பிளேயர்ஸ் என்றார்கள். 90 மைல் வேகத்தில் வீசுகிறவன், ஏற்கெனவே காலேஜ் முடிவானவன் என்று ஐந்தாறு பேர். ஆள் தேடி வரும் ஸ்கௌட்கள் உட்கார்ந்திருந்த ஆட்டங்களில் அவர்கள் ஆடினார்கள், வருடம் முழுக்கப் பணம் கட்டிய பிள்ளைகள் டக்அவுட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். யாருமே பார்க்க வராத ஒதுக்குப்புற மைதானத்தில் காலை எட்டு மணி ஆட்டம் என்றால் நம் பிள்ளைகளுக்கு. வந்தவர்கள் ஒரு காசும் கட்டவில்லை, அவர்கள் தங்கிய ஹோட்டல் செலவு உட்பட எல்லாம் நாங்கள் கட்டிய ஃபீஸிலிருந்துதான் போகிறது என்று உதவிக் கோச் ஒருவரே இன்னொரு பையனின் அப்பாவிடம் சொன்னார். அப்புறம் அந்த கெஸ்ட் பிள்ளைகள் எந்தக் காலேஜில் சேர்ந்தாலும் "எங்கள் கிளப் உருவாக்கிய வீரன்" என்று போஸ்டர் வரும். அடுத்த வருட ட்ரையவுட்டில் புதுப் பெற்றோருக்கு அந்தப் போஸ்டரைக் காட்டித்தான் பணம் வாங்குகிறார்கள். என்னால் பொறுக்க முடியாதது இதுதான்: சில நட்சத்திரப் பிள்ளைகளை இலவசமாக ஆடவைக்க மற்ற குடும்பங்களிடம் பணம் வசூலிக்கிறார்கள், அதை அந்தக் குடும்பங்களுக்குச் சொல்வதில்லை.

ஹோட்டல் விஷயம் தனி. "ஸ்டே டு பிளே" என்று ஒன்று உண்டு. டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் சொல்லும் ஏஜென்சி வழியாகத்தான் அறை எடுக்க வேண்டும், வெளியே மலிவாகக் கிடைத்தாலும் எடுக்கக் கூடாது. இது பல இடங்களில் வழக்கம்தான், ஃபீஸோடு இதையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

பணம் போனதைவிட எங்களைத் தூங்கவிடாமல் செய்தது பையனின் கைதான். மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் கொண்டுவந்த பிட்ச் ஸ்மார்ட் என்ற அட்டவணை இருக்கிறது. 15, 16 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் வீசக் கூடாது, 61 முதல் 75 வரை வீசினால் மூன்று நாள் ஓய்வு, 75ஐத் தாண்டினால் நான்கு நாள். என் மகன் வெள்ளிக்கிழமை 72 பந்து வீசினான். ஞாயிறு காலையில் அதே கிளப்பின் 16 வயது அணிக்கு ஆள் குறைகிறது என்று அங்கே அனுப்பி மறுபடி வீசவைத்தார்கள். வேறு அணி, வேறு ஸ்கோர் ஷீட், அதனால் யார் கணக்கிலும் அது வரவில்லை. திங்கட்கிழமை சாப்பிடும்போது "அம்மா, கையை நீட்ட முடியலை" என்றான். எம்ஆர்ஐயில் தசைநார் கிழியவில்லை, இழுபட்டிருக்கிறது என்று வந்தது. கிழிந்திருந்தால் முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் ஆபரேஷன், அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஆட முடியாது. பிட்சர் பிள்ளைகளைப் பத்து வருடம் பின்தொடர்ந்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வருடத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று கண்டார்கள், அதை டாக்டர்தான் எங்களுக்குச் சொன்னார். கிளப்பில் இதைச் சொன்னபோது வந்த பதில், "வலித்தால் பையன் சொல்லியிருக்க வேண்டும்." பதினைந்து வயதுப் பிள்ளை, இடம் போய்விடுமோ என்ற பயத்தில் இருக்கிறவன், எப்படிச் சொல்வான்?

பணத்தைத் திருப்பிக் கேட்டால் எந்தக் காரணத்துக்கும் திரும்பத் தர மாட்டோம் என்ற ஒப்பந்த வரியைக் காட்டினார்கள். கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதல் என்று சொல்லிப் பெரும் பகுதியை ஜெல் (Zelle) என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக வாங்கியிருந்தார்கள், அதை வங்கியால் மீட்க முடியவில்லை. கார்டில் போனதற்கு மட்டும் டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) போட்டு கொஞ்சம் திரும்ப வந்தது. ஆகவே என்ன சொன்னாலும் கார்டிலேயே கட்டுங்கள், அந்த 3 சதவீதம் போனால் போகட்டும். ஜார்ஜியா செக்ரெட்டரி ஆஃப் ஸ்டேட் தளத்தில் எந்த நிறுவனத்தையும் இலவசமாகத் தேடலாம். என் கணவர் தேடியபோது, "பல வருடப் பாரம்பரியம்" என்று சொன்ன அந்த எல்எல்சி (கம்பெனி) முந்தின வருடம்தான் பதிவானது என்று தெரிந்தது. அதே முகவரியில் அதற்கு முன் வேறு பெயரில் ஒன்று இருந்து கலைக்கப்பட்டிருக்கிறது.

கையெழுத்துக்கு முன் அணியில் அதிகபட்சம் எத்தனை பேர், கெஸ்ட் பிளேயர்களை எந்தப் போட்டிக்குக் கொண்டுவருவார்கள், அவர்கள் பணம் கட்டுகிறார்களா, கோச் யார், பந்துக் கணக்கை எல்லா அணிக்கும் சேர்த்து யார் எழுதுகிறார்கள் என்பதை எல்லாம் மெயிலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். போஸ்டரில் இருக்கும் பிள்ளைகள் அந்தக் கிளப்பில் எத்தனை சீசன் ஆடினார்கள் என்றும் கேளுங்கள். முடிந்தால் போன வருடம் அங்கிருந்து விலகிய ஒரு குடும்பத்தைத் தேடிப் பேசுங்கள், கிளப் கொடுக்கும் நம்பர்களை நம்ப வேண்டாம்.

ஜார்ஜியா மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் 15,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். நாங்கள் போட்டிருக்கிறோம், அதே அணியில் இருந்த இன்னும் சில குடும்பங்களும் தனித்தனியாகப் போடுகிறார்கள். இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருந்தால் மெயில், ரசீது, ஸ்கோர் ஷீட், கோச் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், அவர்கள் தளத்தில் இருக்கும் அணிப் பட்டியலை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். நாங்கள் வழக்குப் போட்ட வாரமே எங்கள் அணியின் பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.