கேனானிக்கல் லைவ்பேட்ச்: ரீபூட்டைத் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது

உபுண்டு லினக்ஸ் சர்வரை நிறுத்தாமலே, இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் சேவை இது. உபுண்டுவை வெளியிடும் கேனானிக்கல் நிறுவனம் 2016 அக்டோபரில் தொடங்கியது. 2007 முதல் கர்னலில் ஒளிந்திருந்த டர்ட்டி கவ் பிழை அம்பலமானதும் அதே மாதம்தான். உபுண்டு ப்ரோ சந்தாவில் அடக்கம். சொந்தப் பயன்பாட்டுக்கு 5 கணினிகள் வரை இலவசம்.

நிறுவுவது எளிது. உபுண்டு கணக்கில் டோக்கன் எடுத்து, 'ப்ரோ அட்டாச்' கட்டளையோடு கொடுத்தால் போதும். சர்வரிலிருந்து வெளியே செல்லும் 443 போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருந்தால் பேட்ச், அதாவது திருத்தம், வந்து சேராது. லைவ்பேட்சின் நிலையறிக்கையில் 'அப்ளைட்' அல்லது 'நத்திங் டு அப்ளை' என்றிருந்தால் நிம்மதி. 'கர்னல் அப்கிரேட் ரிக்வயர்ட்' என்று வந்துவிட்டால் இனி ரீபூட்தான்.

கர்னலில் பிழையுள்ள ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டை) ஏதாவது நிரல் அழைத்தால், கர்னலின் எஃப்ட்ரேஸ் வசதி அந்த அழைப்பைத் திருத்திய பதிப்புக்குத் திருப்பிவிடுகிறது. உள்ளே உள்ள தரவு அமைப்பையே மாற்றவேண்டிய திருத்தங்களுக்கு இந்த உத்தி எடுபடாது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற சிபியு ஓட்டை வந்தபோது எல்லாரும் ரீபூட் செய்யத்தான் வேண்டியிருந்தது. சிபியுவின் உள்நிரலான மைக்ரோகோடு, கர்னலுக்கு வெளியே உள்ள ஜிலிப்சி, ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகங்கள் எதையும் லைவ்பேட்ச் தொடாது. கர்னலிலும் தீவிரமான ஓட்டைகளுக்கு மட்டுமே பேட்ச் வரும். வேர்ட்பிரஸ் செருகுநிரல் வழியே நுழைந்தவன் டர்ட்டி பைப் மாதிரி ஒரு கர்னல் பிழையைப் பிடித்து ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆவதை இது தடுக்கும், நுழைவதைத் தடுக்காது.

வாங்குமுன் ஒன்று: விலை மலிவான சில விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) திட்டங்கள் கன்டெய்னர்கள். அங்கே கர்னல் உங்களுடையதே அல்ல, வாடகைக்கு விடுபவருடையது, லைவ்பேட்ச் ஓடாது. நீங்களே தொகுத்த கர்னலுக்கும் கிடையாது.

தணிக்கையில் ஒரு தொல்லை உண்டு. பேட்ச் ஏறிய பிறகும் கர்னல் பதிப்பைச் சொல்லும் 'யூநேம்' கட்டளை பழைய பதிப்பையே காட்டும். பதிப்பு எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் ஓட்டை இன்னும் இருப்பதாகக் கூவும். சிங்கப்பூர் சைபர் பாதுகாப்பு அமைப்பின் சைபர் எசென்ஷியல்ஸ் சான்றிதழுக்குத் தயாராகும் சிறு நிறுவனங்கள் நிலையறிக்கையைச் சேமித்துவைப்பது நல்லது.

யாருக்கு உண்மையில் பயன்? தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆர்டர் குவியும் சிங்கப்பூர் தேக்கா கடைக்காரருக்கு. பேட்ச் வெளியானதும் ஓட்டை அடைபடும். ரீபூட்டைப் பண்டிகை முடிந்து வைத்துக்கொள்ளலாம். இரவு 5 நிமிடம் சர்வர் படுத்தால் யாருக்கும் நட்டமில்லை என்பவருக்குத் தானியங்கி அப்டேட்டும் மாதாந்தர ரீபூட்டுமே போதும், இதற்குக் காசு கொடுப்பது வீண். ஒரு வருடம் ரீபூட் செய்யாமல் ஓட்டுவதைப் பெருமையாகச் சொல்பவர்களுக்கு இதை விற்கவே கூடாது என்பேன்!

ரீபூட் நேரத்தைக் குறிக்கும்போது கவனம். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடுகின்றன. அதிகாலை 2 மணி என்று அமைத்தால் சிங்கப்பூரில் அது காலை 10 மணி, கடை திறந்திருக்கும் நேரம். யுடிசியில் 18:00 என்று கொடுங்கள், அல்லது சர்வரின் நேர மண்டலத்தையே சிங்கப்பூருக்கு மாற்றுங்கள். கர்னல்கள் இருக்கும் பூட் பார்ட்டிஷன் (வட்டுப் பிரிவு) தனியாக இருந்தால் முதலில் அதில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்: பழைய கர்னல்கள் அடைத்துக்கொண்டிருந்தால் புதியது பாதியில் நிற்கும். 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கட்டளை பழையவற்றைக் கழித்துவிடும்.