மென்பொருளுக்குப் பெயர்: தொழிலைச் சொல்லும் சொல்லா, சம்பந்தமே இல்லாத சொல்லா, புதிதாகச் செய்த சொல்லா?

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை நானும் நண்பரும் எழுதி முடித்தபோது பெயர் மட்டும்தான் பாக்கி நின்றது. மூன்று வழிகள் இருந்தன. மென்பொருள் செய்யும் வேலையையே பெயராக வைப்பது ஒன்று. பில், கணக்கு, ஸ்டாக் என்கிற மாதிரி. எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் பில்லிங்குக்குத் துளியும் சம்பந்தமில்லாத சொல்லை எடுப்பது இன்னொன்று. ஆப்பிள் செய்தது அதுதான். மூன்றாவது, எந்த அகராதியிலும் இல்லாத ஒன்றை நாமே உருவாக்குவது. நாங்கள் இரண்டாவதை எடுத்தோம், ஒரு மரத்தின் பெயர். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வழியின் நன்மையை விளக்கவே வேண்டாம். பெயரைக் கேட்டதும் கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிடும், கூகுளில் தேடினாலும் கிடைக்கும். ஆனால் அந்தப் பெயர் நம்முடையதா என்று கேட்டால்தான் சிக்கல். இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னங்கள் (டிரேட்மார்க்) சட்டம், 9ஆம் பிரிவு, பொருளின் வகையையோ தரத்தையோ பயனையோ மட்டும் சொல்லும் சொல்லைப் பதிவு செய்ய மறுக்கிறது. விதிவிலக்கு உண்டு: விண்ணப்பத்துக்கு முன்பே நீண்ட காலம் பயன்படுத்தி, அந்தச் சொல்லைக் கேட்டால் மக்களுக்கு உங்கள் பொருள் நினைவுக்கு வரும் நிலை வந்திருக்க வேண்டும், அதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். அப்படிப் பதிவு வாங்கிய பிறகும், இன்னொருவர் தன் பொருளை வர்ணிக்க அதே சொல்லை நேர்மையாகப் பயன்படுத்தினால் 30, 35ஆம் பிரிவுகள் அவரைக் காப்பாற்றும்.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது, “அப்படியென்றால் விண்டோஸ்?” என்றுதான். அந்தக் கதையை முழுதாகப் பார்த்தால்தான் என் முடிவு ஏன் இப்படி என்று புரியும்.

விண்டோஸ் 1.0 வந்தது 1985 நவம்பரில். திரையில் தெரியும் சதுரங்களை விண்டோ என்று சொல்லும் பழக்கம் அதற்கு முன்பே கணினித் துறையில் இருந்தது. அப்படிப்பட்ட திரை கொண்ட ஜெராக்ஸ் ஸ்டார் கணினி 1981இலேயே வந்துவிட்டது. அமெரிக்கப் பதிவு அலுவலகம் முதலில் மைக்ரோசாஃப்டின் விண்ணப்பத்தை மறுத்து, பிறகுதான், 1995இல், பதிவு தந்தது. 2001 டிசம்பரில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தை விற்ற லிண்டோஸ் நிறுவனத்தின் மேல், பெயர் குழப்புகிறது என்று மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டது. சியாட்டிலில் நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்தார். அப்புறம் 2004இல் அவர் எடுத்த நிலைப்பாடு இன்னும் கடுமை: இன்று மக்கள் அந்தச் சொல்லை யாருடையது என்று நினைக்கிறார்கள் என்பதல்ல கேள்வி, 1985இல் அந்தப் பொருள் சந்தைக்கு வருவதற்கு முன் அது பொதுச்சொல்லாக இருந்ததா என்பதை நடுவர் குழு (ஜூரி) பார்க்க வேண்டும் என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் இதில் தலையிட மறுத்துவிட்டது. ஜூலையில் சமரசம் ஆனது. லிண்டோஸ் தன் பெயரை லின்ஸ்பயர் என்று மாற்றிக்கொண்டது, அதற்கு மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கொடுத்தது. வழக்குப் போட்டவரே பணமும் கொடுத்தார்! நெதர்லாந்து நீதிமன்றம் மைக்ரோசாஃப்ட் பக்கம் நின்றதையும் சொல்லியாக வேண்டும், ஆனால் சொந்த நாட்டில் அந்தப் பெயரை நடுவர் குழு முன் வைக்க உலகின் பணக்கார மென்பொருள் நிறுவனமே துணியவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஆப்பிளும் இதே பாதையில் போய்ப் பார்த்தது. ‘ஆப் ஸ்டோர்’ என்ற பெயருக்காக 2011இல் அமேசான் மேல் வழக்குப் போட்டு, இடைக்காலத் தடை கிடைக்காமல், 2013இல் வழக்கைக் கைவிட்டது. ஆப்பிள் என்ற பழத்தின் பெயரைக் கணினிக்குச் சொந்தமாக்கிக்கொள்ள முடிந்த அதே நிறுவனத்தால், கடையைக் கடை என்று சொல்லும் பெயரைச் சொந்தமாக்க முடியவில்லை.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி போன்ற பெயர்களைப் போட்டியாளர்கள் கூகுள் விளம்பரங்களில் பயன்படுத்துவதைத் தடுக்கக் கோரி அவற்றை நடத்தும் சென்னை நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010இல் தனி நீதிபதி தடை தரவில்லை. எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020இல் ஹோட்டல் புக்கிங் தளமான புக்கிங்.காம் தன் பெயரைப் பதியலாம் என்று 8க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. ஆனால் அங்கே கருத்துக்கணிப்பில் பங்கேற்றவர்களில் 74.8 சதவீதம் பேர் அதை ஒரு நிறுவனத்தின் பெயராக அடையாளம் கண்டார்கள். அந்த நிலைக்கு வர எத்தனை ஆண்டு விளம்பரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே எனக்கு விஷயம் பராமரிப்பில்தான் நின்றது. பதிவுக் கட்டணத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். இணையவழியில் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு, அதாவது பதிவுக்காகப் பொருட்களையும் சேவைகளையும் பிரித்திருக்கும் ஒரு வகைக்கு, 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். மூன்று வழிக்கும் இதே செலவுதான். அதற்குப் பிறகு வருவதுதான் கனம். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலகத் தேர்வாளர் ஆட்சேபித்தால் பதில் எழுத வேண்டும், எத்தனை ஆண்டுப் பயன்பாடு என்று காட்ட விற்பனை பில்கள், விளம்பரச் செலவு, ஆடிட்டர் சான்று எல்லாம் சேர்க்க வேண்டும். வாராவாரம் வெளிவரும் அரசு வர்த்தகச் சின்ன இதழைப் பார்த்து, நம் பெயருக்கு நெருக்கமாக யாராவது விண்ணப்பித்திருந்தால் 4 மாதத்துக்குள் எதிர்க்க வேண்டும். பெயர் ‘பில்’ என்றிருந்தால் இது ஓயவே ஓயாது, ஏனென்றால் பில்லிங் மென்பொருள் எழுதும் ஒவ்வொரு புது ஆளும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே அந்தச் சொல்லுக்குத்தான் வருவார். நோட்டீஸ் அனுப்பினால், “நான் என் பொருளைச் சொல்கிறேன், அவ்வளவுதான்” என்பார், அவர் சொல்வதில் நியாயமும் இருக்கும். மரத்தின் பெயரில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. பில்லிங் மென்பொருளுக்கு அதே மரம் இன்னொருவருக்குத் தற்செயலாகத் தோன்றுவது அபூர்வம். தோன்றினால் ஏன் என்று விளக்க வேண்டியவர் அவர்.

இரண்டாம் வழியிலும் முள் உண்டு. தெரிந்த சொல் என்றால் வேறு தொழிலில் யாரோ ஏற்கெனவே வைத்திருப்பார்கள், தொழில்கள் ஒன்றையொன்று தொடும் நாளில் சண்டை வரும். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் கோருக்கும் கணினி ஆப்பிளுக்கும் 1978இல் தொடங்கிய தகராறு 2007இல்தான் முடிந்தது. மைக்ரோசாஃப்டின் ஸ்கைடிரைவ், பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சியிடம் 2013இல் தோற்று ஒன்டிரைவ் ஆனது. நாங்கள் ஆசைப்பட்ட சில பெயர்களைத் தேடலிலேயே விட்டுவிட்டோம், 9ஆம் வகுப்பில், அதாவது மென்பொருளில், ஏற்கெனவே ஆள் இருந்தார்கள்.

மூன்றாவது வழிதான் சட்டப்படி மிக உறுதியானது, மறுக்கவில்லை. கணினிச் சில்லுக்கு வைத்த 386 என்ற எண்ணைத் தனக்கே என்று வைத்துக்கொள்ள முடியாது என்று 1991இல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இன்டெல் தன் சில்லுக்குப் பென்டியம் என்று பெயர் வைக்கும் பாதைக்கு வந்தது. ஆனால் எங்கள் வியாபாரம் ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரரிடம் போனில் சொல்லிப் பரவுவது. கேட்டவர் எழுத்துப் பிழையோடு தேடினால் நாங்கள் கிடைக்க மாட்டோம். விளம்பரத்துக்குப் பணம் இருப்பவர்களும் வெளிநாட்டில் விற்க நினைப்பவர்களும் இதையே எடுக்கலாம். நாங்கள் உள்ளூரில் மட்டும் விற்கிறோம், வெளிநாட்டுப் பதிவில் எனக்குக் கைப்பட்ட அனுபவம் இல்லை.

இன்னொன்று. தொழிலைச் சொல்லும் பெயரை எடுத்து அழகான லோகோவோடு பதிவு செய்து தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். பதிவும் கிடைத்துவிடலாம். ஆனால் 17ஆம் பிரிவின்படி உரிமை அந்த முழு வடிவத்துக்குத்தான், உள்ளே இருக்கும் பொதுச்சொல் தனியாக உங்களுடையதாகிவிடாது. சான்றிதழைக் காட்டி அடுத்தவருக்கு நோட்டீஸ் அனுப்பும்போதுதான் இது தெரியவரும். எனவே பதிவு அலுவலகத்தின் இலவசத் தேடல் பக்கத்தில் சொல்லை எழுத்தாகவும் ஒலியாகவும் 9, 42 (மென்பொருள் சேவைகள்) இரண்டு வகுப்பிலும் தேடிவிட்டு, லோகோ இல்லாமல் வெறும் சொல்லாக விண்ணப்பியுங்கள். தேர்வாளர் அதை மறுத்தால், அந்தச் செய்தி விற்பனை தொடங்கும் முன்பே கையில் இருக்கும்.