டயலா, வீலா: ஏற்காட்டுப் பனியிலும் ஆடி இரவிலும் இரண்டு கேமராக்கள்

மார்ச், ஏப்ரலில் ஏற்காட்டில் ஒரு நல்ல மழை பெய்தால், எட்டுப் பத்து நாளில் காபித் தோட்டங்கள் பூத்துவிடும். இலைக்காம்பு ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கொத்து, மல்லிகைக்குப் பக்கத்தில் வருகிற ஒரு வாசனை. இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் பழுப்பாகிவிடும். அதனால் மலையில் இருக்கும் நண்பர் போன் செய்தால் மறுநாள் விடிவதற்கு முன் சேலம் அஸ்தம்பட்டியில் இருந்து பைக்கை எடுத்துவிடுவேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கும்போது விரல் நுனி விறைத்திருக்கும். தோட்டத்துக்குள் நுழைந்தால் பனி. வெள்ளைப் பூ, வெள்ளைப் பனி, மேலே வெள்ளை வானம்.

இங்கேதான் கேமரா தப்புக் கணக்குப் போடும். உள்ளே இருக்கும் மீட்டர், தன் எதிரே இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளையைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கித் தருகிறது. பூ அழுக்குத் துணி மாதிரி வரும். நாம்தான் வெளிச்சத்தைப் பிளஸ் முக்கால், பிளஸ் ஒன்று என்று கூட்டித் தள்ளிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். என் கையில் ஒரு நாளைக்கு அதிகம் புரளுவது இந்த ஒன்றுதான். பிழைப்புக்கு நான் எடுப்பது செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பட்டறைகளின் வெள்ளிக் கொலுசுப் படங்கள். வெள்ளைத் துணிமேல் வெள்ளி. பனிக்குள் காபிப் பூவை எடுப்பதும் அதுவும் வெளிச்சக் கணக்கில் ஒரே வேலை.

என்னிடம் இரண்டு கேமரா இருக்கிறது. ஒன்று 2015-ல் வந்த நிக்கான் டி7200. இன்னொன்று 2018-ல் வந்த ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்-டி3. படத்தின் தரத்தில் எது பெரிது என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. கொலுசு வாங்க வருகிறவருக்கு இரண்டின் படமும் ஒன்றுதான். ஆனால் கையில் எடுத்தால் இரண்டும் இரண்டு உலகம். ஃபியூஜியின் தலையில் எண் பொறித்த டயல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இடது ஓரத்தில் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்பது), வலதில் ஷட்டர் (எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது), கடைசி மூலையில் அந்தப் பிளஸ் மைனஸ். அபெர்ச்சருக்கு, அதாவது லென்ஸின் துளை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதற்கு, லென்ஸைச் சுற்றி ஒரு வளையம். நிக்கானில் அப்படி எண் பொறித்த டயல் எதுவும் கிடையாது. முன்னால் ஆள்காட்டி விரலுக்கு ஒரு வீல், பின்னால் கட்டை விரலுக்கு ஒரு வீல். எந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டு உருட்டுகிறோமோ அதற்கேற்ப வேலை மாறும்.

இந்த இரண்டு வழக்கமும் மாறி மாறி வந்தவை. நிக்கானின் எஃப்4, 1988-ல் வந்தது. அதன் தலை முழுக்க டயல்தான். எட்டு வருஷம் கழித்து, 1996-ல் வந்த எஃப்5-ல் டயல்கள் போய் இரண்டு வீல் வந்துவிட்டது. கேனான் அதற்கும் முன்னால், 1986-ல் டி90 கேமராவிலேயே ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால் ஒரு வீலை வைத்துவிட்டது. அப்புறம் டயல்கள் பழைய காலத்துப் பொருள் ஆகிவிட்டன. 2011-ல் கடைக்கு வந்த ஃபியூஜி எக்ஸ்100 அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. இன்றைக்குப் பார்த்தால் நிக்கான் இசட்எஃப் கேமராவில் டயல், ஃபியூஜி எக்ஸ்-எச்2-வில் எந்த முறையில் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் மோட் டயலும் வீல்களும். ஒருவர் வீட்டுக் குழம்பை இன்னொருவர் வாங்கிக்கொண்ட மாதிரி. ஆகவே கம்பெனியைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. கையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, காபிப் பூவுக்கு வருவோம்.

எக்ஸ்-டி3-இல் பிளஸ் மைனஸ் டயல் வலது மூலையில், கட்டை விரலுக்கு நேராக இருக்கிறது. விளிம்பில் நெருக்கமாகப் பல் வெட்டியிருக்கிறார்கள். பனியில் நனைந்த விரல் வழுக்காமல் பிடிக்கும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு; ஒரு கிளிக்குக்கு மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப், மூன்று கிளிக் தள்ளினால் பிளஸ் ஒன்று. கண் ஃபைண்டரில், அதாவது பார்க்கிற துளையில், இருக்கும்போதே ஒவ்வொரு கிளிக்குக்கும் உள்ளே தெரியும் படம் வெளுத்துக்கொண்டே வரும். உள்ளே சின்னத் திரை இருக்கிற எலக்ட்ரானிக் ஃபைண்டர் என்பதால் இது முடிகிறது. இரண்டாவது கிளிக்கில் பூவிதழ் வெள்ளையாகிறது, மூன்றாவதில் பனி பனியாகிறது, நான்காவதில் பூவும் பனியும் ஒன்றோடொன்று கரைந்துவிடுகிறது. ஒரு கிளிக் பின்னால் வந்து நிறுத்திவிடுவேன். எண்ணைப் பார்க்கவே தேவையில்லை.

அதே இடத்தில் டி7200. ஷட்டர் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளஸ் மைனஸ் பொத்தானை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் பின் வீலை உருட்ட வேண்டும். செய்வதற்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. வீல்மேல் ரப்பர் இருக்கிறது, பிடி நன்றாக இருக்கிறது. ஆனால் இது கண்ணாடி வழியாக நேராகப் பார்க்கிற ஃபைண்டர். நான் எவ்வளவு தள்ளினாலும் உள்ளே காட்சி மாறாது. ஓரத்தில் ஒரு அளவுகோலும் எண்ணும் மாறும், அவ்வளவுதான். எடுத்துவிட்டுப் பின் திரையைப் பார்த்துத்தான் சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வருஷக்கணக்காக இதில்தான் எடுத்தேன். பனிக்குப் பிளஸ் முக்கால், கொலுசுக்குப் பிளஸ் ஒன்று என்று மனப்பாடமே ஆகிவிட்டது. அந்த மனப்பாடம் இல்லாத ஒருவருக்கு மலையில் முதல் நாள் ஃபியூஜிதான் கைகொடுக்கும்.

இன்னொரு விஷயம் சின்னதாகத் தோன்றும், எனக்கு மிகப் பெரிது. ஃபியூஜியைக் கழுத்தில் தொங்கவிட்டு நடக்கும்போது, ஆஃபில் இருந்தாலும், மேலிருந்து ஒரு பார்வை பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 250 (ஒரு நொடியில் 250-ல் ஒரு பங்கு), அபெர்ச்சர் எஃப் 4, பிளஸ் ஒன்று. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிற ஒரு இடத்தைத் தாண்டும்போதே, அடுத்து நிழல் வரப்போகிறது என்று தெரிந்து நடந்துகொண்டே திருகி வைத்துவிடுவேன். கேமராவை ஆன் பண்ணவே வேண்டாம். கண்ணுக்குக் கொண்டுபோகும்போது எல்லாம் முடிவாகியிருக்கும். நிக்கானில் இது முடியாது. ஆன் பண்ணி, மேலே இருக்கும் சின்னத் திரையைப் பார்த்தால்தான் நேற்று ராத்திரி என்ன வைத்துவிட்டுப் போனோம் என்பது தெரியும்.

ஆனால் அந்த பிளஸ் மைனஸ் டயலுக்குப் பூட்டு கிடையாது. ஐஎஸ்ஓ டயல், ஷட்டர் டயல் ஒவ்வொன்றின் மையத்திலும் ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி அழுத்தினால் விடும். இதற்கு மட்டும் இல்லை. பையில் இருந்து எடுத்தவுடன் மூலையை ஒரு முறை பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். டயல் வேண்டும் என்கிறவர்கள் இந்த ஒரு வழக்கத்தைக் கட்டாயம் பழக வேண்டும்.

இப்போது மலையை விட்டு இறங்கிச் சேலத்தில் குகை என்கிற பகுதிக்கு வாருங்கள். ஆடி மாதம், மாரியம்மன் பண்டிகை, வண்டி வேடிக்கை ராத்திரி. அலங்கரித்த வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும், மேலே சாமி வேஷம் கட்டி ஆட்கள் அசையாமல் நிற்பார்கள். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வண்டியில் கண்ணைக் கூசும் லைட், அடுத்ததில் நீலமும் சிவப்பும் மட்டும், நடுவில் கும்மிருட்டு. நிற்கிற இடத்தில் தோளை அசைக்க முடியாது. வண்டி நின்றால் ஷட்டர் 60 போதும், நகர ஆரம்பித்தால் 250 வேண்டும். யோசித்துத் திருகி வைத்துவிட்டுக் காத்திருக்கிற வேலை இங்கே நடக்காது. என்ன வரப்போகிறது என்பதே தெரியாது.

இங்கே நிக்கானின் இரண்டு வீல் எனக்கு உயிர். மேனுவலில், அதாவது எல்லாவற்றையும் நாமே வைக்கிற முறையில், வைத்துவிட்டால் பின் வீல் ஷட்டர், முன் வீல் அபெர்ச்சர். 60-லிருந்து 250-க்குப் போகக் கட்டை விரலால் ஆறு கிளிக், ஒரே இழுப்பு. அந்த நேரம் முழுக்க ஆள்காட்டி விரல் ஷட்டர் பொத்தானை விட்டு நகரவில்லை. இடது கை லென்ஸை விட்டு நகரவில்லை. அம்மன் வேஷக்காரர் கண்ணைத் திறந்த அந்த நொடியில் விரல் அங்கேயே இருக்கிறது. ஃபியூஜியில் அதே மாற்றத்துக்கு இரண்டே கிளிக்தான். ஆனால் அந்த இரண்டு கிளிக்குக்கு ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் சேர்ந்து மேலே ஏறி டயலைக் கிள்ளித் திருப்ப வேண்டும். ஆள்காட்டி விரல் பொத்தானை விட்டுவிட்டது. திரும்பி வருவதற்குள் கண் மூடிவிடும். ஷட்டர் டயலை T என்ற எழுத்தில் வைத்தால் எக்ஸ்-டி3-யும் வீல் கேமரா ஆகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதன் வீல்கள் சிறியவை, உள்ளே அழுத்தவும் கூடியவை. என் தடித்த கட்டை விரலுக்கு அவசரத்தில் அவை சரிப்படவில்லை. எண் பொறித்த டயலை வாங்கிவிட்டு அதைப் பயன்படுத்தாமல் இருப்பதும் எனக்கு ஒப்பவில்லை.

இருட்டு என்றதும் நிக்கானில் எனக்குப் பிடித்த இன்னொன்று. ஆன் ஆஃப் சுவிட்ச் ஷட்டர் பொத்தானைச் சுற்றியே இருக்கிறது. ஆனைத் தாண்டி இன்னும் கொஞ்சம் திருப்பினால் மேலே இருக்கும் சின்னத் திரைக்கு விளக்கு எரியும். கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால் போதும், பக்கத்தில் நிற்பவர் முகத்தில் வெளிச்சம் அடிக்காது. டயலில் பொறித்த எண்ணுக்கு அப்படி விளக்கு இல்லை. ராத்திரியில் ஃபைண்டருக்குள் இருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும், அப்போது டயலின் பெரிய லாபமே போய்விடுகிறது.

ஐஎஸ்ஓ விஷயத்தில் இரண்டின் மேலும் எனக்குக் குறை உண்டு. டி7200-இல் அதற்கான பொத்தான் பின்பக்கம் இடது ஓரத்து வரிசையில் இருக்கிறது. எக்ஸ்-டி3-இல் டயல் இடது தலையில். இரண்டிலுமே லென்ஸைத் தாங்குகிற இடது கை அந்த வேலைக்குப் போயாக வேண்டும். நிக்கான் 2017-ல் வந்த டி7500-இல் பொத்தானை ஷட்டர் பக்கத்துக்கு மாற்றிவிட்டது, நல்ல காரியம். ராத்திரிக்கு நான் கேமராவே பார்த்துக்கொள்கிற ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டுவிட்டு அந்தக் கவலையை விட்டுவிடுகிறேன்.

போகஸ் புள்ளியை நகர்த்துவதில் ஃபியூஜி முன்னால் நிற்கிறது. கட்டை விரலுக்கு ஒரு சின்னக் குமிழ் மாதிரி ஜாய்ஸ்டிக், எந்தப் பக்கம் சாய்த்தாலும் புள்ளி போகும். நிக்கானில் வட்டத் தட்டு, நாலு பக்கமும் அழுத்த வேண்டும், கொஞ்சம் கீழே எட்டிப்போக வேண்டும். இதற்கு மேல் அதில் சொல்ல எதுவும் இல்லை.

மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சட்டைப் பைக்கு அடங்குகிற சிறிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா ஒன்றை ஒரு கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போனேன். கம்பெனி பெயர் வேண்டாம். பின்பக்கம் ஒரு தட்டையான சுழல் தட்டு, அதையே சுற்றவும் செய்யலாம், நாலு பக்கம் அழுத்தவும் செய்யலாம். உள்ளங்கை பட்டாலே சுற்றிக்கொண்டது. தாலி கட்டுகிற நேரத்தில் ஐஎஸ்ஓ எங்கேயோ போய், படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது. அந்தக் குடும்பத்துக்குப் படத்தைக் கொடுக்கும்போது எனக்கு இருந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஒரே தட்டுக்கு இரண்டு வேலை கொடுத்த கேமராவை அதற்குப் பிறகு நான் காசு வாங்கும் வேலைக்கு எடுத்துப்போவதில்லை.

என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரு கேள்வி: எதை எடுக்கப் போகிறீர்கள், அதற்கு எப்போது முடிவெடுக்கிறீர்கள்? கேமராவைக் கண்ணில் வைப்பதற்கு முன்னாலேயே முடிவெடுக்கிற வேலை என்றால், அதாவது மலை, தோட்டம், கோயில் சிற்பம், மேஜை மேல் கொலுசு, டயலை வாங்குங்கள். கண்ணை வைத்த பிறகு முடிவெடுக்கிற வேலை என்றால், அதாவது கல்யாணம், பண்டிகை, விளையாட்டு, குழந்தைகள், இரண்டு வீல் இருக்கிற கேமராவை வாங்குங்கள். இரண்டும் எடுப்பேன், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வீல் என்பேன். டயல் தருகிற சுகத்தைப் பழக்கத்தால் ஈடுகட்டிவிடலாம், கண் மூடிப்போன அம்மனை ஈடுகட்ட முடியாது.

கற்றுக்கொள்கிறவருக்கு மட்டும் என் பதில் வேறு. அக்கா மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். டி7200-ஐக் கொடுத்து ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தேன். எண்கள் மாறுவதைப் பார்த்தாளே தவிர, எது எதனால் மாறுகிறது என்று பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுப் பகோடா பாயிண்டில் ஃபியூஜியில் 35 எம்எம் லென்ஸை மாட்டிக் கொடுத்தேன். வளையத்தைத் திருப்பினாள், ஷட்டர் டயலைத் திருப்பினாள், ஃபைண்டருக்குள் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, இந்தப் பக்கம் ஒரு ஸ்டாப் திருப்பினா அந்தப் பக்கம் ஒரு ஸ்டாப் திருப்பணும், அப்பதான் பழைய வெளிச்சம் வருது" என்றாள். ஒரு மாதம் நான் பேசியும் புரியாதது, அரைமணி நேரத்தில் விரலுக்குப் புரிந்துவிட்டது.

"இதை நானே வெச்சுக்கட்டுமா மாமா?" என்று வரும் வழியில் கேட்டாள். "வார நாள்ல கொலுசு எடுக்கணும் கண்ணு, ஞாயித்துக்கிழமை உனக்கு" என்றேன். அன்றிலிருந்து ஞாயிறு மலைக்குப் போனால் எக்ஸ்-டி3 அவள் கழுத்தில், நான் நிக்கானோடு பின்னால் நடக்கிறேன். பனிக்குப் பிளஸ் முக்கால்.